முடிவு தெரிந்த சண்டையைப் பார்ப்பது எப்படி?
மதுரைக்காரர்களுக்கான ‘பேட்டில் செஸ்’ கையேடு

சதுரங்கத்தின் மீது நம்மூர்க்காரர்களுக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. ராஜா, ராணி, மந்திரி, யானை, குதிரை, காலாட்படை என்று ஒரு போருக்கு வேண்டிய அத்தனை பேரும் வந்து வரிசையாக நிற்கிறார்கள். ஆனால் வெட்டு என்று வந்தால் ஒரு கை நீள்கிறது, ஒரு கட்டையை எடுத்து இன்னொரு கட்டை இருந்த இடத்தில் வைக்கிறது. வெட்டுப்பட்டவர் சத்தம் போடாமல் டப்பாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார். ஒரு வசனம் உண்டா? ஒரு ‘ஐயோ’ உண்டா? இவ்வளவு ஆள் அம்பு சேனையை வைத்துக்கொண்டு ஒரு சண்டைக் காட்சி கூட எடுக்காத தயாரிப்பாளரை மதுரை மன்னிக்காது.

இந்தக் குறையை 1988-ல் இன்டர்பிளே என்ற அமெரிக்க நிறுவனம் தீர்த்துவைத்தது. அது வெளியிட்ட ‘பேட்டில் செஸ்’ முதலில் அமிகா கம்ப்யூட்டருக்கு வந்தது. பிறகு டாஸ், மேக், அட்டாரி எஸ்டி, நின்டென்டோ என்று போகாத ஊர் இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் சூபாக்காவும் ஆர்டூ-டிடூவும் உயிருள்ளவை போல அசையும் காய்களை வைத்து ஆடுவார்களே, அந்தக் காட்சி கொடுத்த யோசனை. விதிகளில் கைவைக்கவில்லை; சாதாரணச் சதுரங்கம்தான். ஆனால் காய்கள் நடந்து போகும், மோதும், அடிக்கும், செத்து விழும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சண்டைகளில் வெட்டப் போகிறவர்தான் எப்போதும் ஜெயிப்பார். நீங்கள் மவுஸை அழுத்தியபோதே முடிவு எழுதியாயிற்று. 1983-ல் வந்த ‘ஆர்கான்’ என்ற இன்னொரு விளையாட்டில், ஒரு காய் இன்னொன்றின் கட்டத்துக்குப் போனால் இருவரும் நிஜமாகவே மோத வேண்டும். வெட்டப் போனவரே வெட்டுப்படலாம். பேட்டில் செஸ்ஸில் அந்தக் குழப்பம் இல்லை.

‘முடிவு தெரிந்த சண்டையை எதற்குப் பார்க்க வேண்டும்?’ என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். சித்திரைத் திருவிழாவின் ஒன்பதாம் நாள் திக்விஜயத்தன்று மாசி வீதியில் நின்றவர் கேட்கமாட்டார். எட்டுத் திசைக் காவலர்களையும் மீனாட்சி வெல்லப் போகிறாள் என்பது நமக்குத் தெரியும், நம் பாட்டிக்கும் தெரியும், இந்திரனுக்கே தெரியும். அதற்காக யாராவது வீட்டில் உட்கார்ந்தோமா? எப்படி ஜெயிக்கிறாள் என்று பார்ப்பதற்குத்தான் போகிறோம். ஆகவே இந்த விளையாட்டுக்கு வேண்டிய மனப்பயிற்சி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. பாக்கி எட்டுப் படிகள்தான்.

படி 1: தேவையான பொருட்கள்

ஒரு கம்ப்யூட்டர். புதியது வேண்டாம். 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி பரண்மேல் இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள், அதுவே அதிகம். அதில் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டால், அது தன்னை முப்பது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். விளையாட்டு இன்றும் இணையக் கடைகளில் முறையாக விற்பனைக்குக் கிடைக்கிறது. ‘பேட்டில் செஸ்: கேம் ஆஃப் கிங்ஸ்’ என்று 2015-ல் வந்த புதுப்பதிப்பும் உண்டு. இருந்தாலும் பழைய படத்தின் ரீமேக்கைப் பற்றி நமக்குப் பொதுவாக என்ன அபிப்பிராயமோ, அதையே இங்கேயும் வைத்துக்கொள்ளலாம்.

அசல் அனுபவம் வேண்டுவோர் அறைக் கதவில் ‘செருப்பைக் கழற்றிவிட்டு வரவும்’ என்று எழுதி ஒட்டவும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஏசி ஓடும். மானிட்டருக்குத் துணிப் போர்வை இருக்கும். கருவறைக்குரிய மரியாதை எல்லாம் நடக்கும்.

படி 2: எதிராளியைத் தேர்ந்தெடுத்தல்

மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை இது. மாமல்லபுரத்தில் 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய ‘தம்பி’ குதிரை சுவருக்குச் சுவர் சிரித்தது. 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியனும் ஆகிவிட்டார். இதன் விளைவாக உங்கள் தெருவிலும் செஸ் கிளாஸுக்குப் போகிற பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அந்தப் பிள்ளையை எக்காரணம் கொண்டும் கூப்பிடாதீர்கள். வந்து உட்கார்ந்ததும் அது கேட்கும் முதல் கேள்வி: “மாமா, இதுல டூ-டி வியூ எங்க இருக்கு?”

இருக்கிறது. அதுதான் இந்த விளையாட்டின் இருண்ட ரகசியம். சண்டை, நடை எதுவும் இல்லாத தட்டைப் பலகை ஒன்றும் உள்ளேயே உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு, “அதெல்லாம் இதுல இல்லப்பா” என்று முகத்தை மாற்றாமல் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரோடும் ஆடலாம். ஆனால் அதற்கு முப்பதாயிரம் தொடக்க நகர்வுகள் மனப்பாடம். அதைவிட முக்கியம், அதற்குச் சண்டை பார்க்கும் ஆசை கிடையாது. நமக்கு வேண்டியவர் வேறு ரகம். காய் எப்படி நகரும் என்று தெரிந்திருக்க வேண்டும். எதற்கு நகர்த்த வேண்டும் என்று தெரிந்திருக்கக் கூடாது. குடும்பத்தில் சித்தப்பா வகையறாவில் தேடினால் கிடைப்பார்.

படி 3: நடக்கவிடுங்கள்

காயைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய கட்டத்தைக் காட்டுங்கள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அவர் கிளம்புவார். குறுக்கே நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒவ்வொரு அடியாக வைத்து, கட்டம் கட்டமாகக் கடந்து, ஒரு கல்யாண ஊர்வலம் மண்டபம் சேருகிற வேகத்தில் போய்ச் சேருவார்.

இதே 1988-ல்தான் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். எதிராளி வேர்க்க விறுவிறுக்க யோசித்துக்கொண்டிருக்கையில் மின்னல் வேகத்தில் காய் நகர்த்துவதற்குப் பெயர் போனவர். ஒரே ஆண்டில் உலகத்தின் மிக வேகமான சதுரங்கம் தமிழ்நாட்டிலிருந்தும், மிக மெதுவான சதுரங்கம் அமெரிக்காவிலிருந்தும் வந்ததென்றால், கணக்கைச் சமன் செய்ய மேலே யாரோ இருக்கிறார்கள்.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்க வேண்டாம். சிப்பாய் ஒரு கட்டம் நகர்கையில் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வரலாம். மந்திரி மூலைக்கு மூலை போகையில் பருத்திப்பால் வாங்கி வரலாம். யானை பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிளம்பினால் ஜிகர்தண்டாவுக்கே சொல்லி அனுப்பலாம்.

படி 4: காய்களை அறிந்துகொள்ளுதல்

அறுபத்து நான்கு கட்டங்கள் என்றதும் மிரள வேண்டாம். சொக்கநாதர் மதுரையில் ஆடிய திருவிளையாடல்களும் அறுபத்து நான்குதான். இந்தக் கணக்கில் நமக்கு முன் அனுபவம் இருக்கிறது. காய்களைப் புரிந்துகொள்ளவும் அது உதவும்.

யானை: நாம் யானை என்று வீட்டில் சொல்லும் காய், வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டை. இந்த விளையாட்டில் அது கல் கோபுரமாக நிற்கும். நகரச் சொன்னால் கற்கள் பிரிந்து கூடி, பாறை மனிதனாக எழுந்து நடக்கும். எதிரி ராணியை வெட்டச் சொன்னால் அவளை அப்படியே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். அமெரிக்கச் சிறுவர்கள் இதைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார்கள். நீங்கள் பிளக்கத் தேவையில்லை. எல்லாம் வல்ல சித்தராக வந்த இறைவன் அபிடேக பாண்டியன் கண் முன்னால் கல் யானையைக் கரும்பு தின்ன வைத்த ஊர் இது. அந்த யானை கரும்போடு நிறுத்தவில்லை. ராஜாவின் கழுத்திலிருந்த முத்து மாலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கல்லுக்கு உயிர் வந்தால் முதலில் பசிக்கும் என்பதை நம் புராணம் எப்போதோ சொல்லிவிட்டது.

குதிரை: ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். குதிரை கிடையாது. கவசம் போட்ட ஒரு வீரர் கத்தியோடு நடந்தே வருகிறார். குதிரை எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அரிமர்த்தன பாண்டியன் காசு கொடுத்து வாங்கச் சொன்ன குதிரைகளே ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகி ஓடிப்போயின. ஆக, லாயத்துக் கணக்கில் குதிரை குறைவது மதுரைக்குப் பழகிய விஷயம். குதிரையும் குதிரையும் மோதும் சண்டையை மட்டும் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு கை காலாக வெட்டுப்பட்டும் விடாமல் நிற்பார் ஒருவர். ‘மான்டி பைதான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ என்ற 1975-ம் ஆண்டுப் படத்தின் கறுப்பு வீரரை வைத்துச் செய்த கேலி அது.

மந்திரி: கையில் தடியோடு வரும் பாதிரியார். தடியைச் சுழற்றும் அழகைப் பார்த்தால் சிலம்ப வாத்தியாரிடம் கொஞ்ச நாள் இருந்தவர் போலத் தெரியும். ஆனால் ராஜாவிடம் அகப்பட்டால் அந்த வித்தை எதுவும் செல்லாது. ராஜா சாவதானமாகத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிடுவார். 1981-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் வாள் சுழற்றிய ஆளுக்கு நேர்ந்த அதே கதி. நியாயமா என்று கேட்காதீர்கள். ராஜா ஆட்டம் முழுக்கப் பின்வரிசையில் நின்றவர். அவருக்கும் ஒரு மாஸ் சீன் வேண்டாமா?

ராணி: மந்திரம் போடுபவள். எந்தத் திசைக்கும் எத்தனை கட்டமும் போவாள். ராஜாவோ ஒரு நேரத்துக்கு ஒரே கட்டம், அதுவும் யோசித்துத்தான். புதிதாகக் கல்யாணமானவர்களிடம் “உங்க வீட்ல மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா?” என்று கேட்பது நம் வழக்கம். சதுரங்கத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை.

சிப்பாய்: ஈட்டி பிடித்த எட்டுப் பேர். கிளம்புவார்கள், சாவார்கள். அடுத்த படியில் இவர்கள்தான் கதாநாயகர்கள்.

படி 5: முப்பத்தைந்தையும் பார்ப்பது

நீங்கள் ஜெயிப்பதற்காக இதை ஆடவில்லை. எல்லாச் சண்டைகளையும் பார்ப்பதற்காக ஆடுகிறீர்கள். எத்தனை சண்டை என்று ஒரு கணக்குப் போடுவோம். ஆறு வகைக் காய். ஒவ்வொன்றும் ஆறு வகையையும் வெட்டலாம் என்றால் முப்பத்தாறு. ராஜாவை ராஜா வெட்ட முடியாது. மிச்சம் முப்பத்தைந்து.

ஒரே ஆட்டத்தில் இத்தனையும் பார்த்துவிட முடியுமா? முடியாது. பலகையில் முப்பத்திரண்டு காய். இரண்டு ராஜாவைக் கழித்தால் வெட்டுப்படக்கூடியவர்கள் முப்பது பேர்தான். அது மட்டுமா? ராஜா விழுகிற காட்சி செக்மேட்டில்தான் வரும்; ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு செக்மேட். ராணியால் விழுவது, யானையால், மந்திரியால், குதிரையால், சிப்பாயால் விழுவது என்று அதில் மட்டுமே ஐந்து வகை. ஆக, எவ்வளவு சிக்கனமாகப் போட்டாலும் ஐந்து ஆட்டம் ஆடியே ஆக வேண்டும்.

இங்கேதான் ஒரு விபரீதம் நடக்கும், எச்சரிக்கிறேன். ராணியை வைத்து மேட் கொடுப்பது சுலபம். யானையை வைத்துக் கொடுக்கக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சிப்பாயை வைத்துக் கொடுக்க வேண்டுமென்றால்? எதிரி ராஜாவின் ஓடுபாதைகளை எல்லாம் மற்ற காய்களால் அடைத்துவிட்டு, கடைசி அடிக்கு ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதைத் திட்டமிட ஆரம்பித்ததும் உங்களை அறியாமல் நான்கைந்து நகர்வு முன்னால் யோசிக்கத் தொடங்குவீர்கள். இது ஆரோக்கியமான அறிகுறி அல்ல.

எதிராளியின் ஒத்துழைப்பும் தேவைப்படும். சிப்பாய் ராணியை வெட்டும் காட்சியைப் புத்தியுள்ள எவரும் இலவசமாகக் காட்டமாட்டார்கள். ஆகவே பேச்சுவார்த்தை இப்படிப் போகும்:

“சித்தப்பா, உங்க ராணிய ரெண்டு கட்டம் முன்னால கொண்டு வாங்களேன்.”

“எதுக்குடா?”

“என் சிப்பாய் குத்துறதைப் பாக்கணும்.”

“அடுத்த ஆட்டத்துல உன் ராணிய நீ தருவியா?”

“தர்றேன் சித்தப்பா.”

“சரி, இந்தா.”

இப்படிப் பேசி முடித்து, கொடுத்து வாங்கி, யாருக்கும் மனக்கசப்பில்லாமல் நடந்த போர் வரலாற்றில் வேறு இல்லை.

படி 6: பின்னால் நிற்பவர்கள்

போட்டிச் சதுரங்கத்தில் பார்வையாளர் மூச்சு விடுவதற்கே யோசிப்பார். இங்கே பின்னால் நிற்பவர்கள் இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. டீக்கடைப் பெஞ்சு அளவுக்காவது கூட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். 1952-ல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரை ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. தனியாக உட்கார்ந்து ரசிக்கும் பழக்கம் நமக்குக் கிடையாது.

வருபவர்களில் ஒருவர் கட்டாயம், “குதிரைய எடு, குதிரைய எடு” என்பார். எடுத்து அது வெட்டுப்பட்டால், “நான் அந்தக் குதிரையச் சொல்லல” என்பார். அவர் சொல்வதைக் கேட்டுவிடுங்கள். குதிரை வெட்டுப்படும் காட்சியும் நமக்குக் கணக்கில் சேர வேண்டியதுதானே!

‘பொம்மை அடித்துக்கொள்வதைப் பார்ப்பது சின்னப்பிள்ளைத்தனம்’ என்று முகம் சுளிப்பவரும் ஒருவர் வருவார். அவருக்கு 2022 ஒலிம்பியாட் சமயத்தில் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகம் வெளியிட்ட நடன வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அப்போதைய ஆட்சியர் கவிதா ராமு, அவரே நடனக் கலைஞர், காய்களுக்கு உயிர் கொடுத்து அமைத்தது. கறுப்பு வெள்ளைப் பலகையில் மனிதர்கள் காய்களாக நின்று பரதமும் நாட்டுப்புற ஆட்டமும் சிலம்பமுமாக மோதிக்கொள்வார்கள். ஓர் ஆட்சியரே மெனக்கெட்டுச் செய்த காரியத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. மனு ஒன்று நிலுவையில் இருந்தால் நிச்சயம் வராது.

படி 7: உள்ளூர்ப் பதிப்புக்குக் கோரிக்கை வைத்தல்

இன்டர்பிளே 1991-ல் சீனச் சதுரங்கத்துக்கும் சண்டைப் பதிப்பு கொண்டுவந்தது. சீனாவுக்கு ஒன்று என்றால் நமக்கு? மதுரைக்குப் பக்கத்திலேயே கீழடியில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. அங்கே கிடைத்தவற்றை எடுத்துக் காட்ட அருங்காட்சியகமே கட்டியாயிற்று. கோயில் மண்டபத் தரைகளில் கீறிவைத்த ஆடுபுலி ஆட்டக் கோடுகள் வேறு. எனவே ஆடுபுலி ஆட்டத்தைத் திரையில் கொண்டுவர வேண்டும் என்று யாருக்காவது மனு எழுதலாம்.

எழுதுமுன் தயாரிப்பாளர் கேட்கப் போகும் கேள்விகளுக்குத் தயாராகிவிடுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். சரி, ஆடு புலியை வெட்டுமா? வெட்டாது. புலியும் புலியும் மோதுமா? மோதாது. அப்படியானால் மொத்தச் சண்டைக் காட்சிகள் எத்தனை? ஒன்று.

க்ளைமாக்ஸ்? ஆடுகள் ஜெயித்தால் க்ளைமாக்ஸில் ஒன்றுமே நடக்காது. எல்லா ஆடும் அதனதன் இடத்தில் நிற்கும். புலிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அவ்வளவுதான். வேலையில்லாமல் நிற்பதையே ஆயுதமாக்கிய படை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதை அனிமேஷன் செய்ய வருபவர் பதினைந்து ஆடு அசைபோடுவதை வரைந்துவிட்டுச் சம்பளம் கேட்பார். கொடுத்துவிட வேண்டியதுதான்.

படி 8: எப்போது நிறுத்துவது

முன்பு ஒத்திவைத்த தட்டைப் பலகைக்கு இப்போது வருவோம். கொஞ்ச நாள் கழித்து உங்களிடம் சில மாற்றங்கள் தெரியும். பாறை மனிதன் எழுந்து நடக்கையில், “சீக்கிரம் போய்த் தொலையேன்” என்று முணுமுணுப்பீர்கள். குதிரையின் கை வெட்டுப்படுகையில் உங்கள் கண் திரையில் வேறு ஒரு மூலையில் இருக்கும். அங்கே காவலில்லாமல் நிற்கும் மந்திரியை நோட்டமிட்டுக்கொண்டிருப்பீர்கள். சித்தப்பா ராணியைத் தருகிறேன் என்று சொல்லும்போது, “வேண்டாம், நானே எடுத்துக்கிறேன்” என்று சொல்வீர்கள். சித்தப்பாவுக்கு அது பிடிக்காது.

பிறகு ஒருநாள், யாரும் பார்க்காத நேரத்தில், மெனுவுக்குள் போய்ச் சண்டையை அணைத்துவிட்டுத் தட்டைப் பலகையைத் தேர்ந்தெடுப்பீர்கள். காய் சட்டென்று நகரும். சத்தம் இருக்காது. வெட்டுப்பட்டவர் மறைந்துவிடுவார். உங்களுக்கோ அது போதுமென்று தோன்றும்.

இதற்கு மருந்து இல்லை. முப்பத்தைந்து சண்டைகளையும் பார்க்கும் ஆசையில், ஐந்து காய்களாலும் மேட் கொடுக்கப் பழகி, வேண்டாத வேலையாகச் சதுரங்கத்தையே கற்றுக்கொண்டுவிட்டீர்கள். இனி எந்தச் சண்டையும் உங்களுக்குத் தலைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். திரையில் போடுவது பழைய படம். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

ஒரே ஒரு பரிகாரம் உண்டு. செஸ் கிளாஸுக்குப் போகும் அந்தப் பிள்ளையை இப்போது கூப்பிடலாம். எப்படியும் தோற்றுத்தான் போவீர்கள். முடிவு தெரிந்த சண்டைதானே, உட்காருங்கள்.